காயில் உரசவில்லை

நவம்பர் 3, திங்கள்

ஸ்பீக்கருக்குப் போடும் கோன் வந்துவிட்டது. நான்கு கேட்டேன், நான்கும் வந்தன, ஒன்றுகூட நசுங்கவில்லை. கொண்டுவந்த கூரியர்காரர்தான் கோபமாக இருந்தார். மணியை அடித்து அடித்து விரல் தேய்ந்துவிட்டதாம். காலிங் பெல்லுக்கு பேட்டரி மாற்றச் சொல்லி ஆசீரிடம் எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது!

என் ஆம்ப்ளிஃபயர் பழைய வால்வுப் பெட்டி. தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரர் விற்றுவிட்டுப் போனது. உள்ளே இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள். காந்தமும் இரும்புச் சட்டமும் என்னைவிட ஆரோக்கியமாக இருக்கின்றன. பேப்பர் கோன்தான் இற்றுப்போய், கிட்டாரில் ஈ மேஜர் அடித்தால் சாக்கைக் கிழிக்கிற மாதிரி இருக்கிறது. சட்டத்தை வைத்துக்கொண்டு கோனை மட்டும் மாற்றப் போகிறேன். ஊரில் உள்ள ஸ்பீக்கர்களுக்கெல்லாம் வீட்டில் வைத்துக் கோன் மாற்றிக் கொடுத்தவள், என்னுடையதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் 13 அன்று வெண்புறா இன்னிசைக் குழுவின் முப்பதாவது ஆண்டுக் கச்சேரி. குழு ஆசீருடையது. கீபோர்டு அவர், கிட்டார் நான். அன்றைக்கு என் பெட்டியில்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

"நீ என்னத்துக்கு இப்படி மெனக்கெடுத பெர்சி? வாடகைக்கு ஒண்ணு எடுத்தாப் போச்சு" என்றார்.

வாடகைப் பெட்டியில் என் கிட்டார் என் கிட்டாராகவே இருக்காது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது இன்னும் இவருக்கு விளங்கவில்லை.

நவம்பர் 5, புதன்

மழை. சாப்பாட்டு மேசை முழுக்க என் கடை. ஆசீர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்.

முதல் ஸ்பீக்கரின் பழைய கோனை பிளேடால் விளிம்போடு அறுத்து எடுத்தேன். சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டவே மத்தியானம் ஆகிவிட்டது. காந்தத்தின் நடுவில் ஒரு வட்டப் பள்ளம் உண்டு. கோனின் அடியில் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், அதற்குள்தான் மேலும் கீழும் போய்வரும். அந்தப் பள்ளத்தில் ஒரு துளி இரும்புத்தூள் கிடந்தாலும் வேலை கெட்டது. ஒட்டும் டேப்பை மடித்து விட்டு விட்டுத் துடைத்தேன். பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தபோது பிள்ளைகளிடம் சொல்வேன், அவசரப்பட்டால் பிரிக்கிற வேலை இரட்டிப்பு என்று. இன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 8, சனி

இன்று ஒட்டினேன். காயில் பள்ளத்தின் நடுவில் நிற்க வேண்டும். எந்தப் பக்கமும் சாயக்கூடாது. அதற்காக உள்ளே சுற்றிலும் எக்ஸ்ரே பிலிமைக் கீற்றுக் கீற்றாக நறுக்கிச் செருகுவேன். பசை காய்ந்ததும் உருவிவிடலாம். இந்தத் தடவை வெட்டியது ஆசீரின் முழங்கால் எக்ஸ்ரே.

"ஏ, அது வேணும்லா! டாக்டர்ட்ட காட்டணும்" என்று கத்தினார்.

"முழங்கால் உங்ககிட்டதான இருக்கு, அதக் காட்டுங்க" என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தால் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார்.

மழை ஈரத்தில் பசை காய இரண்டு நாளாவது ஆகும்.

நவம்பர் 10, திங்கள்

பிலிம் கீற்றுகளை உருவினேன். இனி ஒரே ஒரு சோதனை. இரண்டு கை விரல்களாலும் கோனை மெல்ல அமுக்கி விட வேண்டும். காயில் எங்காவது உரசினால் மணலில் காகிதத்தை இழுத்த மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் ஒட்டியதெல்லாம் வீண், கோனை அறுத்து வேறு போட வேண்டியதுதான்.

இந்தக் கடைசிச் சோதனைக்கு ஒரு வருஷமாக ஆசீரைத்தான் கூப்பிடுகிறேன். மழைக்காலத்தில் எனக்குக் காது அடைத்துக்கொள்கிறது. கோடையிலும் கொஞ்சம் அடைக்கிறது. வயதானால் காதில் அழுக்கு சேரத்தான் செய்யும்.

"உரசுதா?"

குனிந்து காதை வைத்துக் கேட்டார். "ஒண்ணும் உரசல. சுத்தமா இருக்கு."

அவர் சொன்னால் சரியாக இருக்கும். கல்யாணமான வாரமே, "உனக்குப் பாட்டு வராது பெர்சி, தாளம் இருக்கு, சுதி இல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். மூன்று நாள் அழுதுவிட்டுக் கிட்டாரைக் கையில் எடுத்தேன். முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் வீட்டில் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று என் தங்கையிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

குக்கர் விசில் பழுது. சத்தமே இல்லாமல் பருப்பு தீய்ந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

நவம்பர் 15, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். 

ஆசீர் ஒரு கல்யாண வீட்டுக்குப் பேசப் போயிருந்த நேரம் ஜெபசிங் வந்தான். நாங்குநேரிப் பக்கம் ஒரு வேதக்கோயிலில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பவன், பால் சொசைட்டியில் வேலை. ஆடி மாதம் அவனுடைய ஸ்பீக்கருக்கு நான் கோன் மாற்றிக் கொடுத்தேன்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதிய. கோயில் ஸ்டோர் ரூம்ல வச்சிருந்தோம், எலி கடிச்சிட்டு. சத்தம் அவ்வளவு அருமையா இருந்துச்சு. நீங்க பண்ணுனது அப்படி."

பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரைத் திருப்பினேன். கோனுக்கு அடியில் சுற்றிலும் மஞ்சள் பசை.

நான் தொட்டதெல்லாம் கறுப்புப் பசைதான். மஞ்சள் பசையை வாங்கியதுகூட இல்லை. நடு மூடியைப் பிரித்தேன். உள்ளே காயில் கம்பி நேராகப் போகிறது. நான் எப்போதும் தையல்காரி புத்தியில் ஒரு சின்ன வளைவு கொடுத்து விடுவேன், இழுபடாமல் இருக்க. கோனும் வேறு கோன். அந்த ஸ்பீக்கரில் என் கை பட்ட இடம் ஒன்றுமே இல்லை.

"இத வேற யாரும் திறந்தாங்களா ஜெபசிங்?"

"இல்லக்கா. ஆசீர் அண்ணாச்சி தந்தபடியே மாட்டுனேன். நம்ம வண்ணாரப்பேட்டை ஸ்டாப்புல வச்சுத் தந்தாவ. மதுர பஸ்ல இருந்து அப்பதான் எறங்குனாவ."

மதுரையில் மாதம் ஒருமுறை ரெக்கார்டிங் என்று ஆசீர் போவது உண்டு. நான் சரிசெய்த ஸ்பீக்கர்களை உரியவர்களிடம் கொண்டு கொடுக்கும் வேலையையும் அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார், "நீ மழைல அலையாத" என்று. எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

ஜெபசிங்கிடம் அடுத்த வாரம் வரச் சொன்னேன். ஆசீர் வந்ததும் தோசை சுட்டுக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்வார், நானும் நம்பித் தொலைப்பேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனோம். பாதிரி ஐயர் என்ன பிரசங்கம் செய்தார் என்று தெரியாது.

நவம்பர் 18, செவ்வாய்

தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினேன். இந்தப் பக்கத்தில் மஞ்சள் பசை போட்டுக் கோன் மாற்றுகிறவர் எனக்குத் தெரிந்து நாகூர்கனி ஒருவர்தான். பெயர் தெரியும், பார்த்ததில்லை. டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் சின்னக் கடை. கடை முழுக்க வாய் பிளந்த ஸ்பீக்கர்கள்.

பாளையங்கோட்டை ஆசீர் வீட்டிலிருந்து வருகிறேன் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சார் வீட்லயா நீங்க? உக்காருங்கம்மா. டீ சொல்லவா? சார் மாசம் ஒருக்கா வந்துருவாரே. இந்த மாசம் இன்னும் காணமேன்னு பாத்தேன்."

"ஸ்பீக்கர் எல்லாம் சரியா வருதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்று நானும் ஒரு பொய் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா. உங்க ஊர்ல யாரோ பையன் புதுசா தொழில் பழகுறானாமே, சார் சொன்னாரு. பாவம், அவன் மனசு நோகக்கூடாதுன்னு சாரே கொண்டாந்து எங்கிட்ட மாத்திட்டுப் போவாரு. எவன் செய்வான் இப்படி? கை நல்ல கைம்மா அவனுக்கு. பசை இழுக்குற நேர்த்தி நமக்கே வராது. காயில் உரசுறதுதான் அவன் காதுல விழுக மாட்டேங்குது. காதை ஒரு டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க."

"சொல்லுறேன்" என்றேன்.

டீ வந்தது, குடித்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விருதுநகர் வரை அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் வாழைப்பழம் ஒன்று கொடுத்தாள்.

புதுசா தொழில் பழகுகிற பையன்! வால்வு ரேடியோ காலத்திலிருந்து சோல்டரிங் அயர்ன் பிடிக்கிறேன் நான். எத்தனை பேர் என்னை நேரில் பார்த்து, "அக்கா, பிரமாதம்" என்றார்கள்! ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார் இவர். அந்த முகத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நவம்பர் 19, புதன்

புது விசில் வாங்கி வந்து குக்கரில் போட்டேன். அடுப்பு பக்கத்திலேயே நின்றேன். விசில் துள்ளுகிறது, ஆவி பீறிடுகிறது. சத்தம் மட்டும் அடுத்த தெருவில் இருந்து வருகிற மாதிரி. விசில் பழுதில்லை. காலிங் பெல் பேட்டரியும் பழுதில்லை.

இனி இதை எழுதாமல் இருக்க முடியாது. எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. முப்பது வருஷம் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றால் போகாமல் என்ன செய்யும்? இதை அவர் ஒரு நாள் காப்பி குடிக்கும்போது சொல்லியிருக்கலாம். பாட்டு வராது என்று சொன்ன மாதிரி. மூன்று நாள் அழுதிருப்பேன், அவ்வளவுதானே.

நவம்பர் 22, சனி

ஜெபசிங் வந்தான். ஆசீர் சுத்தமாக இருக்கிறது என்று சான்று கொடுத்த என் ஸ்பீக்கரை அவன் முன் வைத்து அமுக்கினேன்.

"உள்ளதச் சொல்லு. உரசுதா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "லேசா உரசுதுக்கா. இடது பக்கம் அமுக்கும்போது. தப்பா எடுத்துக்கிடாதிய."

தப்பாக எடுப்பதா! அவனுக்கு நான்கு முறுக்கு அதிகமாக வைத்தேன்.

அந்தக் கோனை அறுத்து எறிந்தேன். கிட்டார் கம்பியில் காய்த்துப்போன இடது விரல்களுக்கு ஒன்றும் தெரியாது. வலது விரல் நுனிகளுக்குத் தெரிகிறது. உரசினால் ஒரு கரகரப்பு ஏறி வருகிறது, அரிசியில் கல்லைத் தடவிப் பார்ப்பது போல. ஒரு வருஷமாக விரலை நம்பாமல் அவர் வாயை நம்பியிருக்கிறேன்.

நவம்பர் 26, புதன்

இரண்டு ஸ்பீக்கருக்கும் புதுக் கோன் போட்டாகிவிட்டது. விரலுக்கு வெண்ணெயாக இருக்கிறது. ஜெபசிங்கும் வந்து காதை வைத்துக் கேட்டு, "இப்ப இல்லக்கா" என்றான். ஆசீர் ஊரில் இல்லை. ரெக்கார்டிங்.

நவம்பர் 28, வெள்ளி

எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அவருக்கும் ஐம்பத்தொன்பது ஆகிறது. அவரும் என்னோடு அதே மேடையில் நின்றவர்தான். ஒருவேளை அன்றைக்கு அந்த லேசான உரசல் அவருக்கும் கேட்காமல் போயிருக்கலாம். ஒரு மனுஷனைத் தீர்ப்பிடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

பரண் மேல் கிடந்த ஒரு செத்த ஸ்பீக்கரை எடுத்தேன். மிச்சமிருந்த நான்காவது கோனை எக்ஸ்ரே கீற்று ஒன்றும் வைக்காமல், வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்து ஒட்டினேன். இவ்வளவு அசிங்கமாக ஒரு வேலையை நான் செய்ததே இல்லை. காய்ந்ததும் அமுக்கிப் பார்த்தேன். கறக், கறக். எனக்கே கேட்டது. என் காதுக்கே!

நவம்பர் 30, ஞாயிறு

கோயிலுக்குப் போய்வந்து கறிக்குழம்பு சாப்பிட்டதும் அவரைக் கூப்பிட்டேன்.

"என் பெட்டியோட ரெண்டாவது ஸ்பீக்கர். கேட்டுச் சொல்லுங்க. உரசுதா?"

அமுக்கினேன். கறக். குனிந்து கேட்டார். இன்னொரு தடவை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். கறக். அவர் கண் ஒரு நொடி மூடித் திறந்தது. கேட்டுவிட்டது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

"இல்ல பெர்சி. சுத்தமா இருக்கு."

"அப்ப இதையே மாட்டி 13-ஆம் தேதி மேடையில வாசிக்கட்டுமா?"

"எடுத்துட்டு வா. இதுக்குப் போய் என்ட்ட கேக்கணுமா?" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். குறட்டை விட்டிருப்பார். எனக்கு எங்கே கேட்டது?

டிசம்பர் 1, திங்கள்

நேற்று கோபம்தான் இருந்தது. இன்று காலை பாத்திரம் விளக்கும்போது வேறொன்று உறைத்தது. 

ஆசீர் மேடையை எப்படிக் காப்பவர்! பாடுகிற பெண் ஒரு வார்த்தையை விழுங்கினால் ஒரு வாரம் பேசமாட்டார். மிருதங்கத்தில் ஒரு வார் தளர்ந்தாலும் கச்சேரியை ஆரம்பிக்க விடமாட்டார். அப்படிப்பட்டவர், வெண்புறாவின் முப்பதாவது வருஷத்தில், கறக் கறக் என்று கத்துகிற ஸ்பீக்கரை மேடைக்கு எடுத்துவா என்கிறார். என் மனசு நோகக்கூடாது என்று அவர் ஆயிரம் செய்வார். கச்சேரியை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

பயப்படாமல் எப்படிச் சொன்னார்? யோசித்தால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அதை இங்கே எழுத மாட்டேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

டிசம்பர் 6, சனி

ரிகர்சல். பெட்டியைக் கொண்டுபோகவா என்று கேட்டேன். கனம், வேண்டாம் என்றார். கிட்டாரைச் சும்மா மடியில் வைத்து வாசித்தேன். எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். பாடுகிற பெண் எனக்குத் தண்ணீர்கூட எடுத்து வந்து கொடுத்தாள். முன்பெல்லாம் என்னோடு சண்டை போடுவாள்.

டிசம்பர் 12, வெள்ளி

பெட்டியின் பின்பலகையைக் கழற்றி இரண்டு ஸ்பீக்கர்களையும் வெளியே எடுத்துவிட்டேன். பலகையைத் திரும்ப மாட்டினேன். முன்பக்கம் துணி மூடியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போர்வைக்குள் இருக்கின்றன. ஆசீர் இப்போதும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார். எதையும் தூக்கிப் பார்ப்பதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

நேற்றுக் கச்சேரி.

பெட்டியை வேனில் ஏற்றிய ஆட்கள், "என்னக்கா, பெட்டி இவ்வளவு லேசா இருக்கு?" என்றார்கள். "நானும் இளைச்சிட்டேன், அதுவும் இளைச்சிட்டு" என்றேன். சிரித்தார்கள்.

கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. என் பழைய மாணவிகள் நான்கைந்து பேர் பிள்ளைகளோடு முன்வரிசையில் இருந்தார்கள். நான் வழக்கம்போல் ஆசீருக்கு வலப்பக்கம், பெட்டி எனக்குப் பின்னால். மைக் வைக்கிறவர் பெட்டிக்கு முன்னால் ஒரு மைக்கைப் பயபக்தியோடு நிறுத்தி வைத்தார். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வுப் பெட்டியை ஓட விட்டால் உள்ளே எரிந்துபோகும். அதனால் சுவிட்சே போடவில்லை. அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

முதல் மூன்று பாட்டிலும் என் விரல்கள் ஓடின. கம்பியின் சின்னச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நான்காவது பாட்டின் நடுவில் என்னுடைய நீளமான கிட்டார் துண்டு வரும். ஊருக்கே தெரிந்த இடம் அது. அந்த இடம் வந்ததும் கம்பியிலிருந்து கையை எடுத்து, கிட்டாரின் மேல் சும்மா வைத்துக்கொண்டேன்.

துண்டு வந்தது. மண்டபத்தின் பெரிய பெட்டிகளிலிருந்து, நெஞ்சில் இடிக்கிற மாதிரி, முழுசாக வந்தது. நான் ஆசீரின் கையைப் பார்த்தேன். கீபோர்டின் மேல் வரிசையில், கிட்டார் சத்தத்தை வைத்து, அவருடைய வலது கை வாசித்துக்கொண்டிருந்தது. நான் கம்பியை இழுக்கிற இடத்தில் இழுத்து, நான் கடைசிச் சுரத்துக்கு முன்னால் தாமதிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் தாமதித்து, அப்படியே என்னை வாசித்தார். நன்றாகவும் வாசித்தார். எத்தனை கச்சேரியாகப் பழகியிருந்தால் இவ்வளவு நன்றாக வரும்! ஜனம் கைதட்டியது. என்னைப் பார்த்துத் தட்டியது. நான் தலை குனிந்து வணங்கினேன், வேறு என்ன செய்ய?

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் என் கை சும்மா இருப்பது தெரிந்திருக்கும்.

வேனில் வரும்போது என் தோளில் கை போட்டார். களைத்திருந்தார். சந்தோஷமாக இருந்தார். எனக்குக் கேட்கட்டும் என்று நன்றாகப் பக்கத்தில் வந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நாலாவது பாட்டுல கொன்னுட்ட பெர்சி. இத்தன வருஷத்துல நீ இப்படி வாசிச்சதே இல்ல."